சாமந்திக்கு இருட்டும் வேண்டும்



புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிறது. குளிர்நாடுகளில் இலை பழுத்து உதிரும் இந்தப் பருவத்தில், நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கள் வரிசைகட்டத் தொடங்குகின்றன. ஆனியிலும் ஆடியிலும் நட்ட சாமந்தி இதுவரை இலையும் கிளையுமாகத்தான் வளர்ந்தது. இப்போது நுனிக்கு நுனி மொட்டு வைக்கிறது. இதற்கு மழை மட்டும் காரணமல்ல. இரவு நீள்வதும் காரணம்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. பிறகு இரவு நாளுக்கு நாள் நீள்கிறது. சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரிவதே இல்லை. சாமந்திக்குத் தெரிகிறது. அதன் இலைகளில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தை உணரும். இருட்டு இடையறாமல் போதிய நேரம் நீடித்தால், பூக்கலாம் என்ற சமிக்ஞை இலையிலிருந்து கிளை நுனிக்குப் போய்ச் சேரும்.

கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் 1920இல் இந்த உண்மையை வெளியிட்டார்கள். கோடையில் பூக்காமல் ஓங்கி வளர்ந்த ஒரு புகையிலை வகையை, பொழுது சாயும் முன்பே இருட்டறைக்குள் வைத்தார்கள். அது பூத்தது. இன்று ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். காம்பு நீளும் வரை இரவில் விளக்குப் போட்டு, சாமந்தி மொட்டு விடுவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பவழமல்லிக்கும் இதுதான் காலம். அது இருட்டத் தொடங்கியதும் விரியும், மணத்தால் அந்துப்பூச்சிகளை அழைக்கும், விடிவதற்குள் உதிர்ந்துவிடும். மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தால் மண் படாமல் பூவை அள்ளலாம். பூவின் செம்மஞ்சள் காம்பை வீசிவிடாதீர்கள். ஒரு காலத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றிய காம்பு அது. குங்குமப்பூவில் இருக்கும் நிறப்பொருளின் வகையே இதிலும் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் சாமந்தி தழைத்து வளர்ந்தும் மொட்டு வைக்கவில்லையா? உரத்தைக் கூட்டுவதற்கு முன், இரவில் ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். வாசல் விளக்கோ தெருவிளக்கோ விடிய விடிய அதன்மேல் விழுந்துகொண்டிருக்கலாம். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்துங்கள். பகலில் நல்ல வெயில் படட்டும். மழைநீர் தேங்கினால் வேர் அழுகும். அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் உரமும் தருவதைப் போலவே செடிக்கு முழு இரவையும் கொடுங்கள். கார்த்திகை தீபத்துக்கு உங்கள் வீட்டுப் பூவையே பறிக்கலாம்.