வாங்காத பட்டம்

விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற வேலையை இன்று ஒரு நாள் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

படித்து முடித்தும் பட்டத்தை வாங்காமல் வந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ.வே.சு. ஐயர் என்றால் தெரியும். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர் என்று நம் தமிழ்ப் பாடத்தில் ஒற்றை வரியில் வந்து போவார். 1881இல் பிறந்தவர். பாரிஸ்டர் ஆக லண்டன் போய், லிங்கன்ஸ் இன்னில் படித்துத் தேறினார். அங்கே பட்டம் ஏற்க வேண்டுமானால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். என் நாட்டை அடிமையாக வைத்திருப்பவனுக்கு நான் விசுவாசியாக இருக்க முடியாது என்று மறுத்துவிட்டார். ஊரில் மனைவி பாக்கியலட்சுமி காத்திருந்த காலம் அது.

லண்டனில் ஐயரோடு புரட்சி இயக்கத்தில் இருந்த சாவர்க்கர் 1910இல் கைதானார். ஐயர் மாறுவேடத்தில் தப்பினார். வழியில் துப்பறிபவர் ஒருவர் ஐயர் பெயருக்கு வந்த தந்தியை நீட்டிப் பார்த்தாராம். அது நானில்லை என்றார் சீக்கியரைப் போலத் தாடி வைத்த ஐயர். பெட்டியில் வி.வி.எஸ். என்று எழுதியிருக்கிறதே என்று துப்பறிபவர் மடக்க, என் பெயர் வீர விக்ரம சிங் என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அரங்கம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் குடும்பம் எங்கேயும் வருவதில்லை.

தப்பிய ஐயர் போனது ஓர் எல்லைக்கு அப்பால். எல்லை என்றால் என்னவென்று இந்தத் தேவாரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டிலோ கம்பம்மெட்டிலோ சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம்; போலீஸ் வேறு, பெயர்ப்பலகையில் எழுத்து வேறு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியும் அப்படித்தான். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது. ஐயர் அங்கே போய்ச் சேர்ந்தார். பாரதியார் 1908 முதலே அங்கிருந்தார். கைது செய்யத்தான் முடியாதே தவிர, கண்காணிக்கத் தடை ஏது? ஒற்றர்கள் ஊருக்குள்ளேயே குடியிருந்தார்கள். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. அந்நியர் அங்கே தங்க உள்ளூர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்தது. புதுச்சேரிப் பிரமுகர் கலவை சங்கரன் செட்டியார் முயற்சியால் அந்தக் கையெழுத்துகள் கிடைத்தன.

அந்த நாட்களில் ஒரு காலை. ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைக்கிறாள். வாளியோடு ஒரு ஜாடி மேலே வருகிறது. வாய் கட்டிய ஜாடி. திறந்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். ஐயரைச் சிக்கவைக்க யாரோ இரவில் போட்டது. பாரதியார் யோசனைப்படி அதைப் பிரெஞ்சு போலீசாரிடம் தாங்களே ஒப்படைத்துத் தப்பினார்கள். அந்தப் பெண் அன்று ஜாடியை எடுக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அதோடு இன்னொன்றையும் நினைக்கிறேன். மறுநாளும் அதே கிணற்றில்தானே சமையலுக்குத் தண்ணீர் எடுத்திருப்பார்கள்! எவன் எப்போது எதைப் போடுவானோ என்ற பயத்தோடு ஒரு குடித்தனம் சுமார் பத்து வருஷம் நடந்தது. ஐயர் அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். உலை வைத்தவர் பெயர் அந்தப் புத்தகத்தின் அட்டையில் இல்லை.

பாரதியார் வீட்டிலும் இதே கதைதான். அவர் புதுச்சேரிக்குப் போனபோது மனைவி செல்லம்மாள் கர்ப்பிணி. பிறந்த வீட்டை நம்பிக் கடையம் போனார். பாரதியார் மறைந்த பிறகு, அவர் பாடல்களை அச்சேற்ற முன்வந்ததும் அந்தச் செல்லம்மாள்தான்.

பொது மன்னிப்புக்குப் பிறகு 1920இல் ஐயர் தமிழகம் திரும்பினார். ‘தேசபக்தன்’ ஆசிரியரானார், பெல்லாரிச் சிறைக்குப் போனார், அங்கே கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம். மன்னருக்குத் தலைவணங்க மறுத்தவர் இந்த ஒரு பந்தியை மாற்ற உறுதி காட்டாமல் போனார். அவரை மதிக்கிற நான் இதை மறைத்துவிட்டுப் பேசினால் உங்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

1925 ஜூனில் ஐயரும் மகளும் பாபநாசம் அருவிக்குப் போனார்கள். மகள் சுபத்திரையை வெள்ளம் இழுத்தது. காப்பாற்றக் குதித்த ஐயரும் திரும்பவில்லை. அவருக்கு 44 வயது. கணவனையும் மகளையும் ஒரே நாளில் இழந்தார் பாக்கியலட்சுமி.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர்கள், தலைமறைவானவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. அவர்கள் பெயர் தியாகிகள் பட்டியலில் இருக்கும். அவர்கள் இல்லாத நாட்களில் வீட்டில் அடுப்பெரித்தது யார், எந்த நகை அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அது தெரிந்த பாட்டிமார்கள் போடியிலும் தேவாரத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.