சோப்பு தீர்ந்த பிறகு
(டாலிகஞ்ச் பெற்றோர் கூட்டத்துப் பேச்சு)

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுகாதாரத் திட்டம் வருகிறது. வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குழாய் போடுகிறார்கள். சோப்பு தருகிறார்கள். கை கழுவக் கற்றுத் தருகிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள். குழாய் இருக்கிறது. சோப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த சோப்பை யார் வாங்குவது?

இது சின்னக் கேள்வி இல்லை. 2015 முதல் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை தருகிறார்கள். மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைக் கொல்லும். ஆனால் புழுவின் முட்டை மண்ணில் கிடக்கும். கை கழுவாமல் சாப்பிட்டால் மறுபடியும் வயிற்றுக்குள் போகும். பிள்ளை சோர்ந்து போகும். ரத்தம் குறையும். மாத்திரையின் பலன் நிலைக்காது.

உதவி நின்ற பிறகும் நிற்காத திட்டம் உண்டா? உண்டு. தமிழ்நாட்டுச் சத்துணவைப் பாருங்கள்.

1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு தொடங்கியது. ஊர் மக்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். 1961 முதல் 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். கேர் உதவி பின்னாளில் நின்றது. அடுப்பு அணையவில்லை.

ஏன்? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் இருந்தார்கள். செலவுக்கு ஆண்டுதோறும் அரசு பணம் ஒதுக்கியது. "இன்று ஏன் சோறு இல்லை?" என்று கேட்கத் தாய்மார் இருந்தார்கள். ஆள், பணம், கேள்வி. இந்த மூன்றும் இருந்தால் திட்டம் நிற்காது.

டாலிகஞ்சில் என்ன செய்யலாம்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் மூன்று கேள்வி கேளுங்கள். சோப்பு வாங்குவது யார்? பணம் எதிலிருந்து? மாதம் ஒருமுறை குழாயையும் கழிப்பறையையும் பார்ப்பது யார்?

பதிலை நோட்டில் பெயரோடு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். எழுதவும் படிக்கவும் கற்றது இதற்கும்தான். தீவுக்குப் பெரும்பாலான சரக்கு கப்பலில் வருகிறது. ஆகவே தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.

உதவ வந்தவர்கள் ஒருநாள் போவார்கள். பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள்.