நீள்மூக்கனுக்கு வேண்டியது ஆற்றங்கரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, போர்னியோவின் நீள்மூக்குக் குரங்கு. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வருவது இயல்புதான். நாம் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய மூக்கும் சரிந்த தொந்தியும் சிவந்த உடம்புமாக இருப்பதைப் பார்த்து, அன்று தங்களை ஆண்ட ஒல்லாந்தரின் நினைவு வந்து, ‘மோன்யெட் பெலாண்டா’ என்று பெயர் வைத்தார்கள் இந்த வட்டார மக்கள். ஒல்லாந்தர் குரங்கு என்று பொருள். இந்தோனேசியாவில் ‘பெக்கந்தான்’ என்பார்கள். 2014 மலேசியச் சுற்றுலா ஆண்டுக்குச் சின்னமாக நின்றதும் இதே குரங்குதான்.

உலகத்தில் போர்னியோ என்ற ஒரே தீவில்தான் இது இயற்கையாக வாழ்கிறது. சபாவில் உண்டு, சரவாக்கில் உண்டு, புருணையில் உண்டு, கலிமந்தானில் உண்டு. அந்தத் தீவை விட்டால் விலங்குத் தோட்டத்தில்தான் பார்க்கலாம். சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் சிலர் பார்த்திருப்பீர்கள். அருகிவரும் இனம் என்று உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இது இடம்பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சபாவில் நடந்த கணக்கெடுப்பு 2008இல் வெளிவந்தபோது, அங்கே கண்டறியப்பட்டவை சுமார் 6,000 மட்டுமே.

அந்த மூக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆணுக்குத்தான் பெரிய மூக்கு. 10 சென்டிமீட்டரையும் தாண்டும். மூக்கு பெரிதாக இருக்கும் ஆணுக்கு உடலும் பெரிது, குரலும் கனம், குடும்பத்தில் பெண் குரங்குகளும் அதிகம் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே நமக்குக் கேலியாகத் தெரிவது அங்கே மாப்பிள்ளைக்குரிய தகுதி!

ஆனால் நான் பேச வந்தது மூக்கைப் பற்றியல்ல, வயிற்றைப் பற்றி. இதன் வயிறு பல அறைகள் கொண்டது. இலையையும் காயையும் விதையையும் அங்கே நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத்தான் செரிக்க முடியும். நன்றாகப் பழுத்த இனிப்புப் பழம் தின்றால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து வரும். குரங்குக்கு வாழைப்பழம் என்ற நம் கணக்கு இதற்குப் பொருந்தாது. கினபாத்தாங்கான் பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்ததில், தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மாடு போல அசைபோடுவதும் தெரிந்தது. 2011இல் அதை வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட வயிற்றை வைத்துக்கொண்டு கண்ட இடத்தில் பிழைக்க முடியாது. அதற்குப் பலவகை மரங்கள் உள்ள ஆற்றோரக் காடோ கடலோரச் சதுப்புநிலக் காடோ வேண்டும். பகலில் சில நூறு மீட்டர் உள்ளே போய் மேயும். பொழுது சாய்ந்தால் ஆற்றங்கரை மரத்துக்கு வந்துவிடும். உறங்குவது அங்கேதான். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் குறுகலான இடம் பார்த்து, கிளை நீண்ட மரத்திலிருந்து பாயும். கால்விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, நன்றாக நீந்தும். ஆனால் தண்ணீரில் முதலை இருக்கிறது. கரையில் மரம் இல்லாத இடத்தில் அகன்ற ஆற்றை நீந்திக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பதுதான்.

அந்தக் கரையில்தான் நாம் செம்பனை நட்டோம்.

‘நாம்’ என்று தெரிந்தே சொல்கிறேன். தீபகற்பத்தில் ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் பிறந்து, அந்த வருமானத்தில் படித்து வந்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். செம்பனையே கூடாது என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது எளிது. எனக்கு அந்தக் கருத்து இல்லை. சபாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செம்பனை. அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. நான் கேட்பது கரையை மட்டும்தான்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஆறுகளின் இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்கிறது சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம். 20 மீட்டர் எவ்வளவு? நம் வரிசை வீட்டில் முன் கேட்டிலிருந்து பின் சந்து வரை. சில நூறு மீட்டர் மேயும் குரங்குக் குடும்பத்துக்கு இது போதவே போதாது. அந்த இருபதும் பல இடங்களில் இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே தண்ணீர் ஓரம் வரை நட்டுவிட்ட தோட்டங்கள் உண்டு.

2005இல் கீழ்க் கினபாத்தாங்கானில் சுமார் 26,000 ஹெக்டர் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரே காடாக இல்லை, பத்துத் துண்டுகள். துண்டுகளில் அடைபட்டால் என்ன ஆகும்? அதே பகுதியில் 2017இல் ஒரு விசித்திரக் குரங்கைப் படம் பிடித்தார்கள். நீள்மூக்குக் குரங்குக்கும் வெள்ளி இலைக்குரங்குக்கும் பிறந்த கலப்பாக இருக்கலாம் என்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்குபெற்ற ஆய்வு 2022இல் கூறியது. நெருங்கிய உறவில்லாத இரண்டு இனங்கள் அவை. ஒதுங்கிய காட்டில் இடநெருக்கடி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதே அவர்கள் கவலை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். 1990களின் கடைசியில் நட்டவற்றுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. மரத்தை வெட்டியபின் கரையோர வரிசைகளை மீண்டும் நடாமல் விட்டால் போதும். இதில் தோட்டக்காரருக்கு நட்டமும் பெரிதல்ல. கினபாத்தாங்கான் வெள்ளச் சமவெளியில் வெள்ளம் நின்று விளைச்சல் குன்றிய செம்பனை கணிசமாக இருப்பதாக 2014இல் வந்த ஆய்வு காட்டியது. காய்க்காத மரத்துக்கு உரம் போட்டு யாருக்கு லாபம்? சண்டாக்கான் அருகே லாபுக் பேயில் ஒரு தோட்ட உரிமையாளர் தம் நிலத்துச் சதுப்புநிலக் காட்டை வெட்டாமல் விட்டார். இன்று அங்கே குரங்கும் உண்டு, சுற்றுப்பயணிகளும் உண்டு. குரங்குக்குச் சர்க்கரையில்லாத பணியாரமும் வெள்ளரிக்காயும் வைத்துப் பழக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் காடு நிற்கிறதே. பத்து பூத்தே கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தினர் விருந்தினரைத் தங்கவைத்து, அதோடு கரையில் மரமும் நடுகிறார்கள்.

பள்ளி விடுமுறையில் சபா போகிறவர்கள் சுக்காவுக்குப் போங்கள். சரவாக் போகிறவர்கள் 1957 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பாக்கோவுக்குப் போங்கள். சுக்காவில் மாலை நான்கு மணிக்கு மேல் படகேறினால் குரங்குகள் கரைக்கு இறங்கும் நேரம். பிறந்த குட்டியின் முகம் கருநீலமாக இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், மிக அருகே போகச் சொல்லாதீர்கள். குரங்கைப் பார்த்து முடித்தபின் அந்த மரத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். காடு தெரிகிறதா, செம்பனை தெரிகிறதா என்று படகோட்டியிடமே கேளுங்கள். எந்த வளைவில் கரை எத்தனை மீட்டர் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்.