நடுவட்டத்துச் சீனர்களும் பெயரில்லாத நம் பெண்களும்

(கும்மிடிப்பூண்டியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறீர்கள். சீனர்களைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. அங்குள்ள பழைய சிறை முன்னால் நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1860களில் வெள்ளை அரசு அந்த மலையில் சின்கோனா பயிரிட்டது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரப்பட்டையில்தான் கிடைக்கும். வேலைக்கு ஆள் வேண்டுமே! சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிகளில் ஆங்கிலச் சட்டப்படி தண்டிக்கப்பட்ட சீனர்களை, அங்கே சிறையில் இடம் போதவில்லை என்று சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களில் சிலரை மலையேற்றினார்கள். அபினிப் போரில் பிடிபட்டவர்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களைத் தண்டனைக் கைதிகள் என்றே எழுதினார். நம் பக்கத்துக் கைதிகளும் கப்பலேறிப் போனார்கள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், தேவாலயம் கட்டினார்கள். தண்டனை என்ற பெயரில் இரண்டு கரைக்கும் கூலியில்லாத உழைப்பு கிடைத்தது.

அந்தச் சீனர்களைப் பற்றி அரசு ஏடுகளில் விரிவாக இருப்பது ஒரு கொலைச் சம்பவம். 1860களின் பிற்பகுதியில் சிலர் தப்பியோடினார்கள். தேடிப்போன போலீஸ்காரர்கள் நால்வர் சிஸ்பாரா மலைப்பாதையில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள். 1908இல் வந்த நீலகிரி மாவட்டக் கையேடு இதைச் சொல்கிறது. செத்தவர்களும் ஏழைச் சிப்பாய்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தப்பாதவர்கள், விடுதலையாகி அங்கேயே தங்கியவர்கள் என்ன ஆனார்கள்? குற்ற ஆவணத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தண்டனைக் காலம் முடிந்ததும் கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள்.

மிச்சத்தைச் சொன்னவரும் தர்ஸ்டன்தான். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே மலைச்சரிவில் காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு அவர்கள் பிழைப்பதைப் பார்த்தார். மணந்திருந்தது தமிழ்ப் பறையர் பெண்களை. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், தென்னிந்தியச் சாதிகளின் வரிசையில் இவர்களுக்கும் ஒரு தலைப்பு: 'சீன–தமிழ்க் கலப்பு'. பிள்ளைகளின் நிறம் தகப்பனைப் போலவா தாயைப் போலவா என்று பார்த்தார், மூக்கை அளந்தார், தலையை அளந்தார். அந்தத் தாய்மார் அவர் எழுத்தில் ஒரு சாதி, ஒரு தோல் நிறம். பெயர் இல்லை. கோர்ட்டு அந்த ஆணைக் குற்றமாகப் பதிவு செய்தது, மானுடவியல் இந்தப் பெண்ணைச் சாதியாகப் பதிவு செய்தது. எழுதிய கை ஒரே அரசின் கை.

இதைப் படித்துவிட்டு "அப்போதே சாதி மறுப்புத் திருமணம்!" என்று முகநூலில் எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. வேறு எந்தச் சாதி வீட்டில் அந்தக் கைதியைப் படியேற்றியிருப்பார்கள்? ஊர் தள்ளி வைத்தவளும் சட்டம் தள்ளி வைத்தவனும் சேர்ந்து குடித்தனம் நடத்தினார்கள். எப்படிப் பேசிக்கொண்டார்கள், யார் சமைத்தது, பிள்ளைக்கு எந்த மொழியில் தாலாட்டு? இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆவணத்தில் மூக்களவு மட்டும் கிடைக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளையர்கள் என்றார்கள். வழக்கு நடந்து தீர்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வடமாநிலத்தவர் யார் வாடகைக்கு வந்தாலும் விவரத்தை ஸ்டேஷனில் கொடு என்றானது. அந்த ஐவர் மேல் விழுந்த சந்தேகம், இங்கே இரும்பு உருக்க வந்த ஒடிசாப் பையன் மேலும் விழுந்தது. 'வடக்கன்' என்ற சொல்லை நம் தோழர்களே கூசாமல் சொல்கிறார்கள். சேரியில் திருட்டு நடந்தால் மொத்தச் சேரியையும் ஸ்டேஷனில் உட்கார வைத்த கதை நம் தாத்தாக்களுக்குத் தெரியும்.

போன மாதம் இங்கே ஒரு லைன் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர், மூன்று வருடமாக இருக்கிறார்களாம். "அவங்க பேரெல்லாம் என்னண்ணே?" என்றேன். யோசித்தார். "ஆதார் ஜெராக்ஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டேன் தம்பி, அதுல இருக்கும்" என்றார்.