'இன்னும்' என்னும் சொல்லும் ஆங்கில 'யெட்'டும்



ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்களை இடறச் செய்யும் சிறு சொற்களுள் 'யெட்' என்னும் வினையடையும் ஒன்று. அகராதி அதற்கு 'இன்னும்' என்று பொருள் தருகிறது. 'இன்னும்' என்னும் ஒரு தமிழ்ச் சொல்லுக்கோ ஆங்கிலத்தில் பல சொற்கள் வேண்டியிருக்கின்றன.

"இன்னும் மழை பெய்கிறது" என்னுமிடத்தில் 'ஸ்டில்' வரும். "இன்னும் சிறிது சோறு இடுக" என்னுமிடத்தில் 'மோர்' வரும். "இது இன்னும் நன்று" என்னுமிடத்தில் 'ஈவன்' வரும். "அவர் இன்னும் வரவில்லை" என்னும் எதிர்மறையிலேயே 'யெட்' இயல்பாகப் பொருந்துகிறது. அச்சொல்லே இரு கருத்துகளை இணைத்து நிற்குமாயின் 'ஆயினும்' எனப் பொருள்படும். ஆகவே, சொல் நிற்கும் இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

எதிர்மறையோடு வரும் 'இன்னும்' தனிச்சிறப்புடையது. கல்வராயன் மலையடிவாரத்து உழவர் ஒருவர் கோமுகி அணையை நோக்கி, "அணை நிரம்பவில்லை" என்றால் அது செய்தி. "நிரம்பாது" என்றால் நம்பிக்கை அற்றுப்போயிற்று என்பது கருத்து. "இன்னும் நிரம்பவில்லை" என்றாலோ, நிரம்பும் என்னும் எதிர்பார்ப்பு அவரிடம் நிலைத்துள்ளது என்று பொருள். தொல்காப்பியர் உம்மைக்கு வகுத்த எட்டுப் பொருள்களுள் எச்சமும் ஒன்று. 'இன்னும்' என்பதன் ஈற்றிலும் அவ்வெச்சக் குறிப்பை உணரலாம்.

இஃது இலக்கண நுட்பம் மட்டுமன்று. 1976இல் ஜாகிர் முறை நீங்கிக் கல்வராயன் மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. மலைவாழ் மக்களின் தேவைகள் அரசு அலுவலகங்களுக்கு மனுக்களாகச் செல்லலாயின. "எங்கள் ஊருக்குச் சாலை இன்னும் வரவில்லை" என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். அதனை ஆங்கிலத்தில் சுருக்குவோர் 'யெட்' என்பதை விடுத்து, "சாலை இல்லை" என்று குறித்தால் இன்மை மட்டுமே ஏட்டில் ஏறும். அம்மக்கள் காத்திருந்த காலமும், அதனால் விளைந்த உரிமைக் குரலும் விடுபட்டுப்போம்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. விழுப்புரம் வரை செல்ல வேண்டியிருந்த மனுக்களுக்கு வழித்தொலைவு குறைந்தது. ஆயினும், மக்களின் சொல்லைப் பிறமொழியில் பெயர்ப்போர் பொறுப்புக் குறைந்துவிடவில்லை. நம் வகுப்பறைகளில் 'யெட்' கற்பிக்கும்போது, "இங்கே எவரேனும் எதையேனும் எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனரா?" என்று மாணவரைக் கேட்கச் செய்தல் நன்று. ஆம் எனில் அச்சொல்லை விடலாகாது. இப்பயிற்சி பெற்ற மாணவர் நாளை ஓர் அலுவலக இருக்கையில் அமரும்போது, மலையூர் மனுவின் 'இன்னும்' அவர் கண்ணுக்குத் தப்பாது.