தொண்டைக்குள் ஒரு வால்வு

(சந்திப்பு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையே விழுங்கித் தேறிய என் செட் நண்பர்களே! மெக்கானிக்கல் படிச்சவன் மருத்துவம் பேசலாமா என்று கேட்பீர்கள். நான் பேச வந்தது ஒரு வால்வைப் பற்றித்தான்.

புரை ஏறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். 2023-இல் பக்கவாதம் வந்த பிறகு என் அப்பாவுக்கு ஒவ்வொரு வாய்க்கும் புரை ஏறியது. அவ்வளவு பேரா நினைப்பார்கள்! பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

உணவுக்குழாயின் வாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போது அரை வினாடி போல்தான் திறக்கும். அதுவும் தானாகத் திறந்துகொள்ளாது. வளையம் தளர வேண்டும். அதே சமயம் தாடைக்குக் கீழுள்ள தசைகள் குரல்வளையை மேலும் முன்னும் இழுத்து அதைத் திறக்க வேண்டும். கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும். இழுவை குறைவா, வளையம் தளரவில்லையா? வைத்தியம் இதைப் பொறுத்துத்தான். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் சினிமா மாதிரி ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு இழுவைதான் குறைவு. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்கச் சொன்னார்கள். 1 நிமிடம் தூக்கல், 1 நிமிடம் ஓய்வு, இப்படி 3 தடவை; பிறகு 30 தடவை தூக்கித் தாழ்த்தல். தினம் 3 வேளை, 6 வாரம். அமெரிக்க மருத்துவர் ஷேக்கர் குழுவினர் 1997-இல் வெளியிட்ட பயிற்சி. (கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.) இப்போது குழைந்த தயிர் சாதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

வளையமே தளராவிட்டால் பலூன் வைத்து விரிப்பார்கள். முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போடாக்ஸ் ஊசியும் உண்டு. சில மாதம் தாங்கும். தசையை வெட்டிவிடுவதும் உண்டு. போலியோவால் விழுங்க முடியாமல் போனவருக்கு 1951-லேயே செய்திருக்கிறார்கள். ஆனால் இழுக்க ஆளில்லாமல் கதவை மட்டும் அறுத்தால் பெரிய பலன் இராது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றார்கள். அதுதான் ஆபத்து! தண்ணீர் வேகமாக ஓடி, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடும். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். கஞ்சிப் பதம் பலருக்குச் சுலபம். சிலருக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். விழுங்கும் பயிற்சி தருபவர் யார் என்றும் அங்கேயே கேளுங்கள்.

மற்றதைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்றேன்.