கரண்டி யார் கையில்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சோத்தைப் பத்திப் பேசச் சொன்னீர்கள். அதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்ச்சோறு எடுத்த கிழவிகள் இன்னும் நம் சேரிகளில் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவில் வாசல் வாசலாக நின்று குரல் கொடுக்கணும். மீந்த சோறு மேலேயிருந்து விழும். கை படாது. ஒரு வீட்டுக் குழம்பு, இன்னொரு வீட்டு ரசம், எல்லாம் ஒரே சட்டியில. பகலெல்லாம் செய்த வேலைக்குக் கூலி தராமல் ராத்திரி மிச்சத்தைப் போடுவது. ஏழைக்கு உணவு உதவி என்று இந்தச் சாதிச் சமூகம் கண்டுபிடித்த முறை இதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வருவோம். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் 1966 அக்டோபரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கியது கருஞ்சிறுத்தைகள் கட்சி. 1972இல் பம்பாயில் உருவான தலித் பாந்தர்கள் பெயரை எடுத்துக்கொண்டது இவர்களிடமிருந்துதான். நம்ம பசங்களுக்கு அந்தக் கட்சி என்றால் கறுப்புத் தொப்பி, தோல் சட்டை, கையில் துப்பாக்கி. சுவரொட்டியில் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவர்கள் விடியக்காலையில் எழுந்து முட்டை பொரித்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

1969 ஜனவரி. மேற்கு ஓக்லாந்தில் புனித அகஸ்டின் தேவாலயம். போதகர் ஏர்ல் நீல் இடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு. முதல் நாள் வந்தது 11 பேர். வாரக் கடைசியில் 135. முட்டை, ரொட்டி, பால், சோளக்கஞ்சி. எதைக் கொடுத்தால் உடம்பில் ஒட்டும் என்று ஊட்டச்சத்து தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்தார்கள். பொருள் எங்கிருந்து வந்தது? கறுப்பர் குடியிருப்பில் வியாபாரம் செய்து சம்பாதிக்கிற கடைக்காரர்களிடம் போய்க் கேட்டார்கள். எங்க காசுல கல்லா நிறையுது, எங்க பிள்ளைக்குக் கொடு என்றார்கள். தராத கடையைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்த வருசம் முடிவதற்குள் பல நகரங்களில் 20,000 பிள்ளைகள்வரை சாப்பிட்டதாகக் கணக்கு.

துப்பாக்கி பிடித்த ஆண் தோழர்களும் முன்றானைத் துணி கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். நம் இயக்கத்து ஆண்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். நம்ம மாநாட்டுப் பந்தலுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுவது யாருங்க?

அமெரிக்க அரசு எதற்குப் பயந்தது தெரியுமா? துப்பாக்கிக்கும் பயந்தது, சரி. ஆனால் 1969 மே மாதம் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் தன் அதிகாரிகளுக்கு எழுதியதில், இந்தக் கட்சியை ஒழிக்கிற வேலைக்குப் பெரிய தடங்கலாகக் காலை உணவைத்தான் சுட்டினார். உணவில் நோய் இருக்கிறது என்று பெற்றோரிடம் புரளி கிளப்பப்பட்டது. சிகாகோவில் உணவு தொடங்குவதற்கு முதல் நாள் ராத்திரி போலீஸ் தேவாலயத்துக்குள் புகுந்து சாப்பாட்டுப் பொருள்களை மிதித்து மூத்திரம் பெய்தார்கள் என்று அங்கே வேலை செய்த பெண் தோழர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்கு முட்டை கொடுத்தால் அரசுக்கு ஏன் குலை நடுங்கணும்? அது அன்னதானமாக இருந்திருந்தால் நடுங்கியிருக்காது. அன்னதானத்தில் போடுகிறவனுக்குப் புண்ணியம், வாங்குகிறவனுக்குக் குனிந்த தலை. இங்கே போட்டவனும் அதே தெரு, தின்றவனும் அதே தெரு. பணக்கார நாட்டில் நாம் ஏன் பட்டினி என்று அந்தப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே கேட்டது. அமெரிக்க அரசு 1966இல் சோதனையாகத் தொடங்கியிருந்த பள்ளிக் காலை உணவை 1975இல் நிரந்தரமாக்கியது. சிறுத்தைகளால் மட்டுமே வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கட்சியை நொறுக்கிய அரசு சோற்றை மட்டும் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பது கண்முன்னே இருக்கிறது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கு. நம்ம ஊரில் சோறு போடுவதை அரசு எதிர்க்கவில்லை. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கியது. 1956 காமராசர், 1982 எம்.ஜி.ஆர்., 2022இல் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு. எல்லாம் நல்லதுதான். சேரிப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் படியேறியதில் இந்தச் சோற்றுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கிறவன் பட்டினி கிடக்காதவன். இங்கே நடுக்கம் வேற இடத்துல வருது. சோறு யாருக்குப் போகிறது என்பதில் இல்லை, யார் கையிலிருந்து வருகிறது என்பதில்.

2018 ஜூலை, அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவுச் சமையலுக்கு வந்தவர் அருந்ததியர் பெண். அந்த ஊர்க்காரர்தான். அவர் சமைத்தால் எங்க பிள்ளைங்க சாப்பிடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்த அம்மாவையே இடம் மாற்றினார்கள்! நம் அமைப்புகள் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் காலை உணவுக்கு இதே கதை. கலெக்டர் ஒரு ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னொரு ஊரில் எம்.பி.யும் அமைச்சரும் சாப்பிட்டார்கள். போட்டோ வந்தது. வருசா வருசம் ஆகஸ்டு 15க்குக் கோயிலில் நடக்கிற சமபந்தி விருந்து மாதிரி. கார் கிளம்பிப் போன மறுநாள் அந்தச் சமையலறையில் நிற்கப்போவது அந்த அம்மா மட்டும்தானே?

எங்க கிழவி சட்டியில் எச்சிலை ஊற்றின கைக்கு எந்தத் தீட்டும் இல்லை. பேத்தி வடித்த சுடுசோறு என்றால் தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம்.

2004 ஏப்ரல் 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி மதிய உணவுக்குச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று. சட்டக் கல்லூரித் தோழர்களே, உங்கள் வகுப்பில் யாராவது இதைச் சொல்லித் தந்தார்களா?

ஆகவே ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை சத்துணவு மையம், அமைப்பாளர் யார், சமையலர் யார், உதவியாளர் யார் என்று எழுதுங்கள். தலித் பெண்ணுக்கு அடுப்பில் வேலையா, இல்லை வாசல் கூட்டவும் பாத்திரம் தேய்க்கவும் மட்டுமா என்று பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் எப்படி உட்காருகிறார்கள், வீட்டிலிருந்து தனியாகத் தட்டு கொண்டு வருவது யார், அதையும் குறியுங்கள். கேட்டுத் தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய்தான். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள், உத்தரவையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.